இடது சீட்

எங்கள் கம்பெனியில் பைலட்டுகளுக்குப் பெயரை விட நம்பர்தான் முக்கியம். மீனம்பாக்கத்தில் நாங்கள் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும் அறையில், கண்ணாடி போட்ட ஒரு பலகைக்குள் சீனியாரிட்டி லிஸ்ட் இருக்கும். யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தார்களோ அந்த வரிசைப்படி எல்லோர் பெயரும் அதில் உண்டு. மேலே கேப்டன்கள். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எங்களைப் போன்ற கோ-பைலட்டுகள். மேலே ஒருவர் ரிடையர் ஆனால் கீழே உள்ள எல்லோரும் ஒரு படி ஏறுவோம். ஒருவர் மெடிக்கலில் ஃபெயில் ஆனாலும் ஏறுவோம். அவர் வீட்டுக்குப் போய் வருத்தம் சொல்லிவிட்டு வந்து, மறுநாள் பலகையில் நம் நம்பர் மாறியிருக்கிறதா என்று பார்ப்போம். இதற்கு வெட்கப்பட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நானும் வெட்கப்படவில்லை.

கோட்டுக்குக் கீழே நான் முப்பத்தியேழாவது ஆள். அப்போது எனக்கு வயது முப்பத்திமூன்று. ஏழு வருடமாக விமானத்தின் வலது சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் கோ-பைலட்டின் இடம். கேப்டன் இடது பக்கம். வலது பக்கத்துக்காரனும் விமானத்தை ஏற்றுவான், இறக்குவான், எல்லாம் செய்வான். ஆனால் ஏதாவது ஒன்று என்றால் முடிவு இடது பக்கத்திலிருந்துதான் வரும். லிஸ்ட் நகர்ந்த வேகத்தில் நான் இடது பக்கம் போக இன்னும் எட்டு வருடமாவது ஆகும். சர்ச்சில் தெரிந்தவர்கள் என்னைக் 'கேப்டன்' என்று கூப்பிடும்போதெல்லாம் திருத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் சிரித்து வைப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தனியார் விமானக் கம்பெனிகள் மழைக்கு முளைத்த காளான்கள்போல வந்தன. விமானங்களை வாடகைக்கு எடுத்துவிட்டார்கள், ஓட்டத்தான் ஆள் இல்லை. அதனால் எங்களைத் தேடி வந்தார்கள். அவற்றில் ஒரு கம்பெனி வெளிப்படையாகவே சொன்னது: வாருங்கள், ஆறு மாதத்தில் கேப்டன்.

இந்தச் செய்தியை முதலில் கொண்டுவந்தவன் என் நண்பன். லிஸ்ட்டில் முப்பத்தியெட்டாவது ஆள். என்னைவிட ஒரே ஒரு நாள் கழித்து வேலைக்குச் சேர்ந்தவன். ஏழு வருடமாக உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன் என்று என்னைக் கேலி செய்வான். ஆழ்வார்பேட்டையில் வீடு. படித்த குடும்பம்தான், ஆனால் உற்சாகம் வந்துவிட்டால் மெட்ராஸ் பாஷைக்குத் தாவிவிடுவான்.

"இங்கியே கீறதுன்னா நாலு கோடு போடறதுக்குள்ள தல நரைச்சிடும் மச்சி. வா, ரெண்டு பேரும் போய்க்கினே இருக்கலாம்," என்றான்.

தோளில் நாலு கோடு என்றால் கேப்டன். எங்களுக்கு மூன்று. அந்த ஒரு கோட்டுக்காக நான் என்னென்னவோ கனவு கண்டிருக்கிறேன். மறைப்பதற்கில்லை.

அந்தக் கம்பெனியின் சோதனை வெளியூரில், சிமுலேட்டரில் நடந்தது. சிமுலேட்டர் என்பது விமானத்தின் முன்பகுதியை மட்டும் அப்படியே கட்டி, ஒரு பெரிய கூடத்துக்குள் கால்கள் போட்டு நிறுத்திவைத்த இயந்திரம். ஆடும், குலுங்கும், ஜன்னலில் ரன்வேயும் மேகமும் தெரியும். சோதனைக்குப் போவது நம் கம்பெனிக்குத் தெரியக்கூடாது. மச்சினன் கல்யாணம் என்று சொல்லி லீவு போட்டேன். அந்த வருடம் சென்னை பைலட்டுகளின் மச்சினன்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கல்யாணம் நடந்தது. என் நண்பன் எனக்கு ஒரு வாரம் முன்னாலேயே போய்ப் பாஸாகிவிட்டு வந்திருந்தான்.

சோதனை நடத்தியவர் எங்கள் கம்பெனியிலேயே கேப்டனாக இருந்து ரிடையர் ஆகி, அந்தப் புதுக் கம்பெனிக்குப் போனவர். அவரோடு பறந்திருக்கிறேன். அதிகம் பேசமாட்டார், ஆனால் தப்பு செய்தால் பேனாவால் காது மடலில் தட்டுவார். என்னை இடது சீட்டில் உட்காரச் சொன்னார். வலது சீட்டில் ஒரு சின்னப் பையன், புதுசாக லைசன்ஸ் வாங்கிய கோ-பைலட். நான் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், தானாக வாய் திறக்கக்கூடாது என்று அவனுக்கு உத்தரவு. பெரியவர் எங்கள் இருவருக்கும் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

இடது சீட்டில் முதலில் கைதான் தகராறு செய்தது. வலது பக்கம் இருந்தால் இடது கை இன்ஜின் லீவரில் இருக்கும், வலது கை ஸ்டியரிங்கில். இங்கே எல்லாம் கை மாற வேண்டும். ஆனால் அது அரை மணியில் பழகிவிட்டது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ரன்வேயில் ஓடி மேலே ஏறினேன். முன்னூறு அடி, நானூறு அடி. அப்போது மணி அடித்தது. இன்ஜினில் தீ.

நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

யோசித்துத் திரும்பவில்லை. கழுத்து தானாகத் திரும்பியது. ஏழு வருடமாக எந்த மணி அடித்தாலும் இடது பக்கம் பார்ப்பேன். அங்கே ஒரு கேப்டன் இருப்பார், என்ன செய்யவேண்டும் என்று சொல்வார், நான் செய்வேன். இப்போது அங்கே ஜன்னல்தான் இருந்தது. அதற்கு அப்பால் பொய் மேகம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு வலது பக்கம் பார்த்தேன். அந்தப் பையன் நான் முன்பு கேப்டன்களைப் பார்த்த அதே பார்வையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சரியாகவே செய்தேன். இன்ஜினை அணைத்தேன், தீயணைப்பு மருந்தைத் திறந்தேன், ஒற்றை இன்ஜினில் சுற்றிவந்து நடுக்கோட்டில் இறக்கினேன். எனக்குத் தெரிந்து தாமதம் இரண்டு செகண்டு. வெளியே வந்ததும் பெரியவர் கைகொடுத்து, "நல்லா பண்ண," என்றார். என் கை ஈரமாக இருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் வேலைக் கடிதம் வந்தது. பத்து நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பத்து நாள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. வெறும் பயம். டியூட்டிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் பக்கத்தில் இருக்கும் கேப்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாக அவர்கள் சும்மா உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறார்கள் என்று நாங்கள் நக்கல் அடிப்போம். இப்போது எண்ண ஆரம்பித்தேன். இவ்வளவு எரிபொருள் போதுமா, அந்த மேகத்தைச் சுற்றிப் போவதா, நடுவில் போவதா, உடம்பு சரியில்லாத பயணியை ஏற்றுவதா. ஒரு மணி நேரப் பயணத்தில் நான் கவனிக்காமலேயே பதினைந்து முடிவுகள் எடுத்துவிடுகிறார்கள்.

ஐப்பசி மாதம் அது. மதுரைக்கு ஒரு மத்தியான விமானம். ரன்வேக்கு மேல் கறுப்பாக ஒரு மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓரமாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது, இறங்கினால் இறங்கிவிடலாம்போலவும் இருந்தது. கேப்டன் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு வாயில் இருந்த பாக்கை ஒதுக்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போலாம்ப்பா," என்றார். சென்னைக்கே திரும்பினோம். பயணிகள் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டே இறங்கினார்கள். ஒருவர் அவர் முகத்துக்கு நேராகவே, உங்களுக்கெல்லாம் பயம் என்றார். கேப்டன் அவருக்கு வணக்கம் வைத்தார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று வீடு வரும்வரை யோசித்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

சாந்தோமில் சர்ச்சுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு, மாடிப் போர்ஷன். காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப்போகும்போது லஸ் முனையில் ஒருநாள் ஸ்கூட்டரோடு அப்படியே நின்றுவிட்டேன். பச்சை சிக்னல் விழுந்துவிட்டது, பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள், எனக்குக் கை வேலை செய்யவில்லை. "யோவ், தூங்கிக்கினு கீறியா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டுவிட்டுப் போனார். முன்னால் நின்றிருந்த மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

மனைவியிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவள் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் வரிசையாகப் பார்ப்பாள். அந்தக் கம்பெனி மூடிவிட்டால் என்ன செய்வது, அதுதான் யோசனை என்று அவளிடம் சொல்லிவைத்தேன். கேட்க நன்றாகவே இருந்தது. அப்போதே ஒன்றிரண்டு கம்பெனிகள் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தன. அவள் சளைக்கவில்லை. மூடினால் வேறு கம்பெனி கூப்பிடும், கேப்டனாக ஓட்டிய மணிக்கணக்கு உங்களோடதுதானே, அதை யாரும் பிடுங்க முடியாதே என்றாள். ஊர் மாற்றிவிட்டால் என்ன செய்வது என்றேன். எந்த ஊரிலும் கணக்கு டீச்சருக்கு வேலை கிடைக்கும் என்றாள். நான் ஒவ்வொரு சாக்காக எடுத்து வைக்க, அவள் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் என்னிடம் சாக்கு தீர்ந்துபோனது.

எட்டாவது நாள் சாயங்காலம் மகளை அடையாறில் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு இருவரும் தி.நகர் போனோம். பாண்டி பஜாரில் ஒரு தையல் கடை. சென்னையில் பாதி பைலட்டுகளுக்கு யூனிஃபார்ம் தைப்பவர் அவர்தான். யார் எந்தக் கம்பெனிக்குத் தாவுகிறார்கள் என்பது எங்கள் மேனேஜருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். என் பழைய பேன்ட்டைக் கொஞ்சம் இடுப்பில் விட்டுத்தரச் சொல்லத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் டிராயரைத் திறந்து, சட்டைத் தோளில் மாட்டும் பட்டை ஒரு ஜோடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கறுப்புத் துணியில் நாலு தங்கக் கோடு.

"உங்க ஃப்ரெண்டு முந்தாநேத்தே வாங்கிக்கினு போய்ட்டாரு சார். உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வச்சிகீறேன்," என்றார்.

நான் அதைத் தொடவில்லை. இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று என்னவோ உளறினேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. மனைவி அந்தப் பட்டைகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், எனக்குக் கால் வலிக்கிறது, பனகல் பார்க்கில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றாள். அவளுக்குக் கால் வலித்ததெல்லாம் கிடையாது.

பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "கம்பெனி மூடிடும்னு நீங்க பயப்படல. நானும் ஒரு வாரமா ஒண்ணொண்ணா பதில் சொல்றேன், உங்க மூஞ்சி மாறவே இல்ல. வேற என்னமோ இருக்கு. என்ன அது?"

சொன்னேன். மணி அடித்தது, இடது பக்கம் திரும்பியது, ஜன்னல், அந்தப் பையனின் பார்வை, எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்கும் தெரியாது, பரீட்சை வைத்தவருக்கே தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும் என்றேன். இரண்டு செகண்டு அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ரன்வேயில் ஓடும் விமானம் இரண்டு செகண்டில் இந்தப் பெஞ்சிலிருந்து பார்க்கின் அந்தப் பக்கத்து வேலியைத் தாண்டிவிடும் என்று காட்டினேன். அவள் அந்த வேலியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், நெஜத்தைச் சொல்லுங்க. ஆறு மாசம் கழிச்சு நீங்க இடது பக்கம் உக்காந்து ஓட்டுற ப்ளேன்ல நானும் பாப்பாவும் ஏறலாமா?"

பஸ் சத்தம், பூக்காரி சத்தம், எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வேண்டாம்," என்றேன். "ஏறாதீங்க."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாக, "அப்ப மத்தவங்க?" என்றாள்.

அக்கா வீட்டுக்குப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வீடு வந்தோம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்திருந்தாள். எட்டு வருடம் போனால் போகட்டும் என்று அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பெரியவருக்கு ஃபோன் செய்தேன். குடும்பக் காரணம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் விடவில்லை. முட்டாள், இந்த வாய்ப்பு இனிமேல் வராது, எந்தக் குடும்பத்துக்கு என்ன காரணம் என்று சத்தம் போட்டார். நான் தயங்கி, எனக்கு இன்னும் தைரியம் போதவில்லை சார் என்றேன்.

"மணி அடிச்சப்போ திரும்பினியே, அதைச் சொல்றியா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றேன்.

"பார்த்தேன்ப்பா. பின்னாடி உக்காந்து அதைத்தானே பாக்குறேன். நீ மட்டுமா திரும்பின? உங்க கம்பெனியிலேர்ந்து வந்தவன்ல பாதிப் பேர் திரும்புறான். எனக்கு அடுத்த மாசம் ரெண்டு ப்ளேன் வருது, அதுல உக்கார ஆள் வேணும். உக்காந்தா தானா சரியாயிடும்."

ரிசீவரை வைத்தேன். அதுவரை நான் பயந்ததெல்லாம் என்னை நினைத்து. என் தப்பை யாரும் பார்க்கவில்லை, அதனால்தான் பாஸ் செய்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் பாஸ் செய்திருக்கிறார்கள். பாதிப் பேர் என்றால் யார் யார்? சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஆழ்வார்பேட்டைக்கு ஸ்கூட்டரை விட்டேன்.

நண்பன் வீட்டில்தான் இருந்தான். மறுநாள் புதுக் கம்பெனியில் சேர வேண்டும். கட்டில்மேல் பெட்டி திறந்து கிடந்தது, வெள்ளைச் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தான். நான் வரவில்லை என்றதும் முகம் வாடிவிட்டது. தனியாகப் போகவேண்டுமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டான். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அண்ணன் இல்லாமல் இவர் அங்கே என்ன செய்யப்போகிறாரோ என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். நான் கேட்டுவிட்டேன். தீ மணி அடித்தபோது நீ எந்தப் பக்கம் திரும்பினாய் என்று.

சட்டையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. கதவைப் பார்த்தான். பிறகு மறுபடியும் மடிக்க ஆரம்பித்தான்.

"ரெண்டே செகண்டு மச்சி," என்றான். "அதெல்லாம் ஒரு மேட்டரா?"

போகாதே என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் போனேன். அவன் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். புதுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம், டில்லியில் விமானத் துறை அதிகாரிகளுக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் அவன் பிழைப்பு போய்விடும், நானும் பொறாமையில் எழுதியதாக ஆகும். அவன் என் கையில் காபியைக் கொடுத்தான். குடித்தேன். நல்லபடியாகப் போய்வா என்று தோளில் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னபடியே ஆறு மாதத்தில் அவனை இடது பக்கம் உட்காரவைத்தார்கள். உற்சாகமாக ஃபோன் செய்வான், இந்த வாரம் எந்த ஊர், என்ன மழை என்று சொல்வான். ஒருமுறை பேசும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை கோயம்புத்தூர் விமானம் தன்னுடையது என்றான். அதே ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் அக்கா, இரண்டு பிள்ளைகளோடு கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போவதாக இருந்தார்கள். அந்தக் கம்பெனியில்தான் டிக்கெட். காலையில்.

நான் அக்காவுக்கு ஃபோன் செய்து, அந்தக் கம்பெனி விமானங்கள் இப்போது ரொம்பத் தாமதம் ஆகின்றன, கல்யாணத்துக்குப் போய்ச் சேரமாட்டீர்கள், எங்கள் கம்பெனியில் மாற்றித் தருகிறேன் என்று வற்புறுத்தினேன். அவர்களுக்குச் சந்தோஷம். என் மனைவி சமையலறை வாசலில் நின்று நான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏன் மாற்றினீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

அன்று அந்த விமானம் பத்து நிமிடம் முன்னதாகவே, பத்திரமாகப் போய் இறங்கியது. அவனுக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது. நூற்றுச் சொச்சம் பேர் ஏறவிருந்த அந்த விமானத்திலிருந்து, எனக்கு வேண்டிய மூன்று பேரை மட்டும் இறக்கிக்கொண்டேன். மற்றவர்களைப் போகவிட்டேன்.